மூக்கை நம்பிப் பிழைப்பவன்

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். என் பெரியப்பா, "தண்ணீர் சுத்திகரிக்கிற கம்பெனியில் இருக்கிறான்" என்றார். பொய்யில்லை. எந்தத் தண்ணீர் என்று அவர்களும் கேட்கவில்லை, பெரியப்பாவும் சொல்லவில்லை. கல்யாணமாகி மூன்றாம் வாரம், வேலையிலிருந்து திரும்பிய என் சட்டையைத் துவைக்க எடுத்தபோது என் மனைவிக்கு விடை தெரிந்துவிட்டது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் கொல்லையில் என் சட்டைக்கென்று ஒரு நீல வாளி தனியாக வந்து உட்கார்ந்தது. இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

வீடு கடலூர் முதுநகரில். வேலை புதுச்சேரி எல்லைக்குள் ஒரு கல்லூரி வளாகத்தில். பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம் என்று பஸ் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டே எந்த இடம் என்று சொல்லிவிடுவேன். எல்லையைத் தாண்டியதும் மதுக்கடை வரிசை ஒரு வாசனை, சுண்ணாம்பாற்றுக் கழிமுகம் ஒரு வாசனை, அரியாங்குப்பத்து மீன் ஒரு வாசனை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. 2009-இல் இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து எனக்குச் சோறு போடுவது இந்த மூக்குதான்.

எங்கள் நிலையத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் மூன்று லட்சம் லிட்டர் கழிவுநீர் வருகிறது. நான்கு விடுதிகள், இரண்டு சமையற்கூடங்கள், ஊழியர் குடியிருப்பு. காலை ஆறரை முதல் ஒன்பது வரை வெள்ளம்போல் வரும், பிறகு மெல்லிய ஓட்டம், இரவு எட்டுக்கு மேல் மறுபடி ஒரு வெள்ளம். கம்பி வலையில் நாப்கினும் ஷாம்பு உறையும் சிக்கும். ஒரு முறை ஒரு செல்போன் சிக்கியது. உரிமையாளர் வந்து வாங்கிக்கொண்டு போனார், அதைத் திரும்ப உபயோகித்தாரா என்று நான் கேட்கவில்லை. வலையைத் தாண்டிய நீர் காற்றூட்டும் தொட்டிக்குப் போகிறது. அங்கேதான் என் வேலை.

ஆபரேட்டர் என்றால் பொத்தானை அழுத்துகிறவன் என்று நினைக்கிறார்கள். மாடு வளர்க்கிறவன் என்றால் இன்னும் பொருத்தமாக இருக்கும். அந்தத் தொட்டியில் இருப்பது தண்ணீர் அல்ல, மந்தை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று, பெருகி, திரண்டு, கனத்து அடியில் படிகின்றன. மேலே தெளிவது சுத்தமான நீர். நாங்கள் செய்வதெல்லாம் அவற்றுக்கு மூச்சு விடக் காற்று கொடுப்பது, தீனி கூடாமல் குறையாமல் பார்ப்பது, மந்தை அளவு மீறிப் பெருகினால் கொஞ்சத்தைக் கழித்துவிடுவது.

இந்த வித்தையின் சூட்சுமம் தெரிய வேண்டுமானால் உறைமோரை நினைத்துக்கொண்டால் போதும். 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் சாக்கடை நீரைப் பாட்டிலில் வைத்துக் காற்றை ஊதினார்கள். முதல் முறை முழுதாகச் சுத்தமாக ஐந்து வாரம் பிடித்தது. அதுவரை இந்தச் சோதனையைச் செய்தவர்கள் தெளிந்த நீரை எடுத்துக்கொண்டு, அடியில் நின்ற கசடைக் கொட்டிவிடுவார்கள். இவர்கள் கொட்டவில்லை. அதே கசடின் மேல் புதிய சாக்கடை நீரை ஊற்றி மறுபடியும் ஊதினார்கள். ஒவ்வொரு முறையும் நேரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரே நாளில் வேலை முடிந்தது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி மிச்சம் வைக்கத் தெரிந்த எந்த வீட்டிலும் இதைச் சொன்னால், இதற்கா இவ்வளவு பேரும் புகழும் என்று கேட்பார்கள். புதுச்சேரி நகரத்துக்காகக் கனகன் ஏரி, லாசுப்பேட்டை, துப்ராயப்பேட்டை ஆகிய இடங்களில் இருக்கிற, நாளொன்றுக்குத் தலா 17 மில்லியன் லிட்டர் கொள்ளும் நிலையங்களில், நிரப்பு, ஊது, தெளியவிடு, வடித்துவிடு என்று ஒரே தொட்டியில் முறை வைத்து நடக்கிறதே, அது அந்த மான்செஸ்டர் பாட்டிலேதான். பெரிதாகியிருக்கிறது, அவ்வளவே.

புதிதாக ஒரு நிலையத்தைத் தொடங்கும்போதும் நாங்கள் அக்கம்பக்கத்தில் உறை கேட்டுத்தான் போகிறோம். நன்றாக ஓடுகிற வேறொரு நிலையத்திலிருந்து லாரியில் கசடு வாங்கி வருவோம். கிடைக்காவிட்டால் பசுஞ்சாணம் கரைத்து ஊற்றி, வெல்லமும் கொஞ்சம் யூரியாவும் போட்டு மந்தையை உண்டாக்குவோம். சாணக் கூடையோடு நான் வளாகத்துக்குள் நுழைந்தபோது காவலாளி என்னைக் கோசாலைக்கு வழி தவறி வந்தவன் என்று நினைத்துத் திருப்பி அனுப்பப் பார்த்தார்.

எனக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவரை அண்ணன் என்றே சொல்கிறேன். அவரும் முதுநகர்க்காரர். கடலூர் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சேர்ந்த முதல் நாள் தொட்டியின் நடைபாலத்தில் என்னை நிறுத்தி, "மூச்சை இழுத்துப் பார் தம்பி" என்றார். நான் தயங்கினேன். பிறகு இழுத்தேன். நாற்றம் இல்லை. மழை பெய்து ஓய்ந்த கொல்லையில் வருகிற மண்வாசனை. "இந்த வாசனை இருக்கிற வரைக்கும் உனக்கு வேலை இருக்கிறது" என்றார்.

நிறம் சாக்லேட் பழுப்பில் இருந்தால் மந்தை நலம். கறுத்து, அழுகிய முட்டை வாசனை அடித்தால் காற்று போதவில்லை. வெள்ளை நுரை மலைமலையாய் எழுந்தால் மந்தை இன்னும் குட்டி, அல்லது யாரோ துணி துவைக்கும் தூளை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். கெட்டியான பழுப்பு நுரை எண்ணெய்ப் பிசுக்கோடு மிதந்தால் மந்தைக்கு வயதாகிவிட்டது, கழிக்க வேண்டும். ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் தொட்டி நீரை மொண்டு வைத்து அரை மணி நேரம் காத்திருப்பது தினசரிச் சடங்கு. கசடு எவ்வளவு உயரத்துக்குப் படிகிறது என்று பார்ப்போம். படிந்த கசடு இரண்டு மணி நேரம் கழித்துக் குமிழோடு கட்டிகட்டியாக மேலே வந்தால் அண்ணன், "வயிற்றில் வாயு" என்பார். அது அச்சு அசலாக உண்மை என்று பிற்பாடு படித்தேன்: ஆக்சிஜன் தீர்ந்ததும் சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைக்கின்றன, அப்போது வெளிவரும் நைட்ரஜன் குமிழ்கள்தான் கசடைத் தூக்கிக்கொண்டு வருகின்றன.

அண்ணனுக்கு மாட்டுப் பொங்கல்தான் பெரிய நாள். ஆயுத பூஜைக்குக் காற்று ஊதும் எந்திரத்துக்குப் பொட்டு வைப்பதை எல்லா ஆலைகளிலும் பார்க்கலாம். இவர் மாட்டுப் பொங்கலன்று தொட்டிக்கு வெல்லம் கரைத்து ஊற்றுவார். "வாயில்லாப் பிராணிகளுக்குத்தானே பொங்கல்" என்பார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் பொங்கலுக்கு விடுதிகள் ஒரு வாரம் காலி. தொட்டிக்கு வரும் தீனி கால்வாசிக்கும் கீழே போய்விடும். மந்தை பட்டினியில் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும் நேரத்தில் அந்த வெல்லம் போய்ச் சேர்கிறது. பக்தியா, பக்குவமா என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. இரண்டுக்கும் அவரிடம் ஒரே முகம்தான்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியபோது நாங்கள் இருவரும் நிலையத்தில் மாட்டிக்கொண்டோம். மின்சாரம் போனது, பல நாள் வரவில்லை. காற்று நின்றால் தொட்டி சில மணி நேரத்தில் புளிக்க ஆரம்பித்து, ஒன்றிரண்டு நாளில் அழுகிவிடும். ஜெனரேட்டருக்கு டீசல் இரண்டு பீப்பாய்தான் இருந்தது. விடுதியின் குடிநீர் மோட்டாருக்கும் அதுவே. அண்ணன் தொட்டியை முகர்ந்து முகர்ந்து காற்றைப் பங்கிட்டார். மண்வாசனை மங்கி லேசாகப் புளிப்பு தட்டுகிற கணத்தில், "போடு" என்பார். முக்கால் மணி நேரம் ஊதுவோம். வாசனை திரும்பியதும், "நிறுத்து." இப்படி இரவும் பகலுமாக நான்கு நாள். ஆக்சிஜன் அளக்கும் கருவி எங்களிடம் அப்போது இருந்தது, ஆனால் பேட்டரி இல்லை. முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு விழுந்து ஊரே அழுதுகொண்டிருந்தபோது நாங்கள் சாக்கடைக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தோம். வெளியில் யாரிடமும் சொல்லக்கூட முடியவில்லை.

மூக்கைக் கருவியாக்கியது நாங்கள் மட்டுமல்ல. கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் 2004-ஆம் ஆண்டுவாக்கில் இதை முறையாகவே செய்தார்கள். எந்த நேரம், எந்தத் திசைக் காற்று, என்ன மாதிரி வாசனை என்று நோட்டில் குறித்தார்கள். எளிய வாளிக் கருவியால் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். வாசனையைப் பற்றிப் புகார் சொன்னால் அது உங்கள் மனப்பிரமை என்று பதில் வரும் காலம் அது. அண்ணன் வேலை பார்த்தது அந்த வேலிக்கு உள்ளே. அந்த ஊர்க்காரர்கள் வெளியே. இரண்டு பக்கமும் ஒரே காற்றைத்தான் முகர்ந்தார்கள் என்பதை அவர் ஒரே ஒரு முறை, தேநீர் குடிக்கும்போது, சொல்லியிருக்கிறார்.

காகிதத்துக்கு எண்கள் வேண்டும், அது வேறு கதை. நீரில் எவ்வளவு கழிவு மிச்சமிருக்கிறது என்பதை அதைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்று அளந்து சொல்வார்கள், பிஓடி என்பது அதுதான். மேலை நாடுகளில் 20 டிகிரியில் ஐந்து நாள் வைப்பார்கள். நம் வெயிலுக்கு 27 டிகிரியில் மூன்று நாள். முடிவு வந்து சேரும்போது அந்த நீர் தோட்டத்துப் புல்லில் ஏறி ஆவியாகிப் போயிருக்கும். மூன்று நாளுக்கு முந்தைய எண்ணைப் பார்த்து இன்றைய தொட்டியை ஓட்டுவது, முந்தாநாள் செய்தித்தாளைப் பார்த்துக் குடை எடுப்பதற்குச் சமம். அதனால்தான் மூக்கு. நான் சான்றிதழ் வாங்கும்வரை இந்த நம்பிக்கையில் எனக்கு ஒரு கீறலும் விழவில்லை.

சான்றிதழ் வந்த கதையும் சிறியதுதான். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தேர்வு வைத்து, படிப்படியாக உரிமம் கொடுத்துத்தான் இந்த வேலையில் விடுவார்கள். நம்மிடம் குழாய் பிடிக்கத் தெரிந்தால் ஆபரேட்டர். 2017-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் பசுமைத் திறன் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. கழிவுநீர் நிலையங்களை இயக்கிப் பராமரிப்பதும் அதில் ஒரு படிப்பு. 2018-இல் நான் போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் பாதிப்பேர் வேலை தேடும் பட்டதாரிகள். நுண்ணோக்கியில் எங்கள் தொட்டியின் ஒரு துளியை முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். தண்டின் நுனியில் மணி கட்டியதுபோல ஓர் உயிர் ஆடிக்கொண்டிருந்தது, தொட்டதும் தண்டு சுருள்வில்லாகச் சுருங்கியது. வார்ட்டிசெல்லா என்றார்கள். அது நிறைய இருந்தால் தொட்டி நலமாம். ஒன்பது வருடம் வளர்த்த மாட்டின் முகத்தை அன்றுதான் பார்க்கிறேன்.

மூன்றாம் வாரத்தில் பாதுகாப்பு வகுப்பு. பயிற்றுநர் பலகையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று எழுதினார். அழுகிய முட்டை வாசனை, காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் சொன்னார்: பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு அது ஏறும்போது மூக்கு மரத்துப்போகும். வாசனை நின்றுவிடும். வாயு நிற்காது.

எனக்குக் கை சில்லிட்டது. நான்கு வருடத்துக்கு முன் நடந்தது நினைவுக்கு வந்தது. கழிவுநீர் வந்து சேரும் கிணற்றில் பம்பு அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்ததும் முட்டை வாசனை முகத்தில் அறைந்தது. அண்ணன் மூடிக்கு அருகில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில், "வாசனை போய்விட்டது, இனி இறங்கலாம்" என்றார். இடுப்பில் கயிறு கட்டினார். நான் மறுமுனையைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து விடுதிக் காப்பாளர் ஓடி வந்து, மேல்தொட்டி வழிகிறது, உடனே வாருங்கள் என்று சத்தம் போட்டார். எரிச்சலோடு போனோம். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் வெளியூர் பம்புக்காரர் வந்து சங்கிலி போட்டு பம்பையே மேலே தூக்கியிருந்தார். ஒரு தொட்டி வழிந்ததால் இருவர் உயிரோடு இருக்கிறோம். இருவர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவர் சாய்ந்திருந்தால் நான் கயிற்றை இழுத்துக்கொண்டு மேலே நின்றிருக்க மாட்டேன். இறங்கியிருப்பேன். குழிச் சாவுகள் இரண்டு, மூன்று என்று சேர்ந்தே வருவது அதனால்தான்.

அன்று மாலை அண்ணனுக்கு ஃபோன் செய்து சொன்னேன். நீண்ட நேரம் பதில் இல்லை. "என் மூக்கா பொய் சொல்லியது?" என்றார். அடுத்த வாரம் அவராகவே நிர்வாகத்திடம் போய் நான்கு வாயுக்களை அளக்கும் கருவி கேட்டார். விலையைக் கேட்டு யோசித்தார்கள். எட்டு மாதம் யோசித்தார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைக் குழிக்குள் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. இப்படி இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-இல் அதை முப்பது லட்சமாக்கியது. செத்தால் எவ்வளவு என்பதில் எல்லோருக்கும் தெளிவு இருக்கிறது. சாகாமல் இருக்க ஆகும் செலவுக்குத்தான் மூன்று கையெழுத்து வேண்டியிருக்கிறது. கருவி வந்தது, பத்து லட்சத்தில் பத்து பங்கிலேயே அலறும். அண்ணன் ஓய்வு பெறும்வரை அதைக் கழுத்தில் தாலிபோலத் தொங்கவிட்டுக்கொண்டுதான் திரிந்தார்.

2024 ஜூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடை வாயு வீட்டுக் கழிப்பறை வழியாக ஏறி மூன்று பேர் இறந்தார்கள். ஒருத்தி பள்ளி வயதுப் பெண். குழிக்குள் இறங்கியவர்கள் அல்ல, தங்கள் வீட்டில் இருந்தவர்கள். அந்த வாரம் முழுவதும் உறவினர்கள் எனக்கு ஃபோன் செய்தார்கள், "தண்ணீர் கம்பெனி" என்று சொன்ன பெரியப்பா உட்பட. எல்லோருக்கும் ஒன்றையே சொன்னேன்: கழிப்பறைக்கும் தரைச் சாக்கடை வாய்க்கும் அடியில் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்கும், வாயுவை மறிப்பது அந்த நீர்தான். பூட்டிக் கிடக்கும் குளியலறையில் அது வற்றிவிடும். வாரம் ஒரு முறை ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். வளைவே வைக்காமல் நேராக இணைத்திருந்தால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். நாற்றம் அடித்து, பிறகு நின்றுவிட்டால், நல்லவேளை என்று உட்காராதீர்கள், வெளியே வாருங்கள்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா குடும்பம் உண்டு. தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர், பேரன் பாரிஸில். விடுமுறைக்கு வந்தவன், அங்கே சாக்கடைக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கிறார்கள் என்றான். நான் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னது அது. மாட்டியிருப்பது வீட்டில் அல்ல, நிலையத்தில். வீட்டில் மாட்டலாமா என்று ஒரு முறை மனைவியிடம் கேட்டேன். "வருகிறவர்கள் படிப்பார்களே" என்றாள். இந்த வேலையை யார் செய்ய வேண்டும் என்று ஊர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது. செய்கிறவனின் சாதியை முதலில் கேட்டுவிட்டுத்தான் சான்றிதழைப் பார்க்கும். அவள் சொன்னதில் தப்பில்லை.

2020-இல் ஊரடங்கு வந்தபோது விடுதிகள் ஒரே நாளில் காலியாயின. மந்தை பட்டினி. வெல்லம் மூட்டை மூட்டையாக வாங்கினேன், கணக்கு அலுவலகம் என்னைச் சாராயம் காய்ச்சுகிறவனைப்போலப் பார்த்தது. பிறகு அதே விடுதிகள் தனிமைப்படுத்தும் மையமாயின. தீனி வந்தது, அதோடு பீப்பாய் பீப்பாயாகக் கிருமிநாசினியும் வந்தது. வைரஸைக் கொல்ல ஊற்றியது குழாய் வழியே வந்து என் மந்தையைக் கொன்றது. இரண்டு முறை லாரியில் உறை வாங்கி வந்து முதலிலிருந்து தொடங்கினேன்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் எனக்கே தொற்று வந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் போனது. மூக்கு போனது போனதுதான். ரசம் வெந்நீராக இருந்தது. மூன்றாம் வாரம் வேலைக்குத் திரும்பி நடைபாலத்தில் நின்றேன், கண்ணாடிக்குப் பின்னால் தொட்டியைப் பார்ப்பதுபோல இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் ஆக்சிஜன் அளந்தேன், உருளையில் கசடு படிவதைக் குனிந்து குனிந்து பார்த்தேன், லாக் புத்தகத்தில் அதுவரை எழுதாத அளவுக்கு எழுதினேன். வகுப்பில் படித்தது மட்டும்தான் கையில் இருந்தது. தொட்டி ஓடியது. சொல்லப்போனால் வழக்கத்தைவிட ஒழுங்காகவே ஓடியது. அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஒரு காலை நடைபாலத்தில் நின்று அளவைக் குறித்துக்கொண்டிருந்தபோது மண்வாசனை அடித்தது. மழை வருகிறது என்று நிமிர்ந்து பார்த்தேன். சித்திரை வெயில், ஒரு மேகம் இல்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை இழுத்தேன். உடனே வீட்டுக்கு ஃபோன் செய்தேன்.

"மூக்கு வந்துவிட்டது" என்றேன்.

"ரசம் இப்போதுதான் கொதிக்கிறது, அதற்குள் அங்கே வந்துவிட்டதா?" என்று சிரித்தாள். பிறகு ஒரு நிமிடம் பேசவில்லை. என்ன வாசனை வந்தது என்று கேட்கவும் இல்லை. "சரி, வரும்போது சட்டையை வாளியில் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள்" என்றாள்.